பாண்கடையில் இருந்த வாப்பா

எங்கள் குசினிக் கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை தொங்குகிறது. வெள்ளைத் துணி; இப்போது வெள்ளை என்று சொன்னால் அது பொய். முன்பக்கத்தில் சிவப்பு நூலால் பி, ஏ, என் என்று மூன்று எழுத்துகள் தைத்திருக்கும். கற்பிட்டியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அது எந்தக் கம்பனியின் பெயர் என்று கேட்பார்கள். கம்பனியும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை, பாண் என்று எழுதியிருக்கிறது என்பேன். ஒருவரும் நம்புவதில்லை. ஸ்பெயின்காரர்களும் கோதுமை மாவில் சுடும் பாணைப் பாண் என்றுதான் சொல்வார்கள் என்பதை அங்கே போய் வாழும்வரை நானும் நம்பியிருக்க மாட்டேன். இந்தப் பையைத் தந்தவரை நான் பாண்கடை மாமி என்பேன். என் மகள் அவரை வேறு பெயரால் கூப்பிட்டாள். எல்லாக் குழப்பமும் அந்தப் பெயரால் வந்ததுதான்.

இவர், அதாவது என் பிள்ளைகளின் வாப்பா, ஸ்பெயினின் வடக்குக் கரையில் ஒரு துறைமுகத்திலிருந்து போகும் மீன்பிடிக் கப்பலில் வேலை செய்தார். மகளுக்கு மூன்று வயது, மகன் கைக்குழந்தை. அந்த நேரத்தில்தான் எங்களையும் அங்கே அழைத்துக்கொண்டார். நாங்கள் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் கப்பல் புறப்பட்டது. திரும்பி வர நான்கு மாதம் ஆகும் என்றார்கள். வாசலில் நின்று, "நான் வாற வரைக்கும் மகள் என்ன மறக்காமப் பாத்துக்கங்க. வேற ஒண்டும் கேக்கல்ல" என்றார் இவர். "விசர்க் கதை கதைக்காதீங்க. பெத்த வாப்பாவ எந்தப் புள்ள மறக்கும்?" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் அதிகம்.

இவர் போனபின் என் நிலை கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான். எந்நேரமும் மழை. சுற்றிவர ஒரு சொல்லும் விளங்காத மனிதர்கள். அப்போதுதான் அந்த ஊர்ப் பேச்சுக்குள் எங்கள் வீட்டுச் சாமான்கள் கிடப்பதைக் கண்டுபிடித்தேன். பாண் என்றால் பாண். மேசைக்கு மேசா. சப்பாத்துக்கு சப்பாத்தோ. என்றைக்கோ பறங்கியர் எங்கள் கரையில் விட்டுப்போன சொற்களின் சொந்தக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று துணிவு வந்தது. அந்தத் துணிவோடுதான் முதல் நாள் பாண்கடையில், பிள்ளையைத் தூக்கிய களைப்பில், "கதிரை, கதிரை" என்று கேட்டேன். கடைக்கார மாமி பதறிப்போய் வெளியே வந்து என் இடுப்பைத் தடவத் தொடங்கிவிட்டார். அவர்கள் மொழியில் கதேரா என்றால் இடுப்பெலும்பாம்! நான் வெட்கத்தில் குறுகி, உட்காருவது போல் நடித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து நாங்கள் உள்ளே நுழைந்தாலே தன் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கதிரையை இழுத்துப் போடுவார்.

ஐம்பது வயதைத் தாண்டியவர், தனியாள். முழங்கை வரை மா ஒட்டியிருக்கும். அந்த முதல் நாளே மேசைக்கு மேலால் குனிந்து என் மகளைப் பார்த்து, "ஓலா, குவாப்பா!" என்றார். அந்தக் 'கு' தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். வெளியே கேட்பது வாப்பா மட்டும்தான். மகள் இரண்டு கிழமையாக "வாப்பா எங்க? வாப்பா எப்ப வருவாங்க?" என்று என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தவள். அந்த முகத்தைக் கண்வெட்டாமல் பார்த்தாள். பார்த்துவிட்டு, கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். மறுநாள் கடை வாசலில் என் கையை உதறிவிட்டு, "வாப்பா!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மாமிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஓடிவந்து அள்ளி எடுத்துக் கொஞ்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து போனில் தேடிப் பார்த்தேன். குவாப்பா என்றால் அழகியாம்.

மாமி என் மகளை அழகி என்று கூப்பிட்டார். மகள் அதைத் தன் வாப்பா வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டாள். மகள் வாப்பா என்று கூப்பிட, மாமி தன்னை ஒரு சின்னப் பிள்ளை அழகி என்று சொல்வதாக நினைத்துக் குளிர்ந்துபோனார். நாள்தோறும் காலையில் இந்தக் கூத்து. நான் இரண்டு பேரையும் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. மகளுக்கு "அது வாப்பா இல்ல, மாமி" என்று ஒன்றிரண்டு தரம் சொன்னேன், அதுவும் சத்தம் இல்லாமல். உண்மையைச் சொன்னால், அந்த ஊரில் என் பிள்ளை சிரித்தது அந்தக் கடைக்குள் மட்டும்தான். அதையும் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கப்பல் எங்காவது கரை தட்டும்போது இவர் போன் எடுத்து, "மகள்ட்டக் குடுங்க" என்பார். அவள் போனைக் கண்டாலே ஓடிவிடுவாள். "தூங்குறா" என்பேன். நான்கு மாதமாக என் மகள் தூங்கிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் இவர் வந்தார். தாடி வளர்ந்து, மெலிந்து, ஒரு பெரிய பொம்மையோடு வாசலில் நின்று, "மகள், வாப்பா வந்திருக்கேன்" என்றார். மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். "இல்ல. வாப்பா கடையில" என்றாள். இவர் விளையாட்டு என்று நினைத்தார். "எந்தக் கடையில மகள்? காட்டுங்க பாப்பம்" என்றார். மறுநாள் காலை, நான் எவ்வளவு சாக்குச் சொல்லியும் கேட்காமல், மகள் முன்னால் நடக்க இவர் பின்னால் போனார். கடைக்குள் "வாப்பா!" என்று அவள் பாய, "குவாப்பா!" என்று மாமி கை விரிக்க, இவர் கதவடியிலேயே நின்றுவிட்டார். இவருக்கு அந்த மொழி நன்றாகத் தெரியும். நடந்தது ஒரு நொடியில் விளங்கியிருக்கும். முதலில் சிரித்தார், நானும் சிரித்தேன். வீடு வந்ததும் ஒரு கால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "அவ பிழையாச் சொல்லல்ல. ஒவ்வொரு நாளும் பாண் குடுக்கிறவங்கதானே வாப்பா" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் குனிந்து மற்றச் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன்.

அடுத்த கிழமை, ஊருக்குப் போவோம் என்றார். நான் குதித்தேன். "ஒரு சொல்லுக்காகவா ஆயிரம் பேரக் கெஞ்சி வந்த இடத்த விட்டுட்டுப் போற?" என்றேன். "உங்களுக்கு அது சொல்லு. எனக்கு வேற என்ன இரிக்கு?" என்றார். எனக்கு அந்த ஊர் பிடிக்கத் தொடங்கியிருந்தது என்பதை நான் சொல்லவே இல்லை. புறப்படுகிற அன்று மாமி தன் கையால் தைத்த இந்தப் பையில் சுடச்சுடப் பாண் போட்டுத் தந்தார். அழுதார். ஏன் இவ்வளவு அவசரமாகப் போகிறோம் என்று சைகையால் கேட்டார். உங்களால்தான் என்று எந்த மொழியில் சொல்வது? உங்களால் இல்லை, என்னால்தான் என்று எந்த மொழியில் சொல்வது? மகள் அவர் கழுத்தை விடமாட்டேன் என்று அழ, நான்தான் பிடித்து இழுத்து எடுத்தேன்.

ஊருக்கு வந்தும் மகள் இவரை வாப்பா என்று கூப்பிட ஏழெட்டு மாதம் எடுத்தது. ஒருநாள் இவர் மதிலில் ஏறித் தேங்காய் பறிக்கும்போது, விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் தன்னை அறியாமல் கத்திவிட்டாள். இவர் இறங்கி வந்து ஒன்றும் நடக்காதது போல் முகத்தைக் கழுவினார், நெடுநேரம் கழுவினார். இப்போது அவளுக்குப் பத்து வயது. பாண்கடையும் தெரியாது, மாமியும் தெரியாது. வெள்ளைக்காரர்களை டொல்பின் பார்க்கப் படகில் கூட்டிப்போவதுதான் இவருடைய தொழில்.

போன மாதம் ஒருநாள் இவருக்குக் காலைச் சாப்பாடாகப் பாணும் சம்பலும் அந்தப் பையில் போட்டு மகளோடு கரைக்குப் போனேன். படகுக்காகக் காத்து நின்ற வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி பையைக் கண்டதும், "பாண்!" என்று ஆச்சரியமாகச் சிரித்தாள். "ஓம், பாண்தான்" என்று மகள் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தாள். அந்தப் பெண் அவள் கன்னத்தைத் தட்டி, "கிராசியாஸ், குவாப்பா!" என்றாள். மகள் அவளைப் பார்க்கக்கூட இல்லை. கடல் பக்கம் திரும்பி, "வாப்பா! ஒங்களத்தான் கூப்புடுறாங்க!" என்று கத்தினாள்.

இடுப்பளவு தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டிருந்த இவர் என்னைப் பார்த்தார். யாரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று இவருக்குத் தெரியாதா? "ஓம் மகள், இந்தா வாறேன்!" என்று தண்ணீரை அடித்துக்கொண்டு கரைக்கு ஓடி வந்தார்.

வீட்டுக்கு வந்து பையை உதறி அதே ஆணியில் மாட்டினேன். மகளுக்கு அவளுடைய வாப்பா கிடைத்துவிட்டார். அது போதும், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் பாண்கடை மாமியை இப்போது யார் அழகி என்று கூப்பிடுகிறார்களோ, அது மட்டும் எனக்குத் தெரியவில்லை.