காயாத துணியும் வயிற்றுப்போக்கும்

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நர்சு வேலை என்றால், மருந்து கொடுப்பது கொஞ்சம், வாய் கொடுப்பதுதான் அதிகம்.

எழுபதுகளில், மூணாறை அடுத்த பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் இருந்தேன். சொந்த ஊர் மீனாட்சிபுரம். ஒரு மழைக்காலத்தில், தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயம் முழுக்க வாந்தியும் பேதியும் வீடு வீடாகப் புகுந்தது. டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். வீட்டில் நாலு பேருக்கு ஒரே சமயத்தில் வயிறு கலங்கி, ஒரே கக்கூஸ் வாசலில் வரிசை கட்டி நின்றவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

ஊற்றினால் போகிறது

முதலில் படுத்தவர் ஃபாக்டரியில் வேலை பார்த்த செல்லத்துரை. அவர் மனைவி பேச்சியம்மாள் அவருக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் காட்டவில்லை. "ஊத்துனது பூராவும் கீழ போவுது நர்சம்மா, பெறவு எதுக்கு ஊத்தணும்?" என்றாள். ஓட்டைக் குடத்துக்குத்தான் அதிகம் ஊற்ற வேண்டும் என்று மல்லுக்கட்டினேன். கொதித்து ஆறிய தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கரைத்தேன். கண்ணீரை விட உப்புக் கரிக்கக் கூடாது, அதுதான் கணக்கு. ஒவ்வொரு மடக்காகக் கொடு, வாந்தி எடுத்தால் சற்றுப் பொறுத்து மறுபடி கொடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தாள். "எந்திரிச்சுட்டாரு நர்சம்மா! எந்திரிச்சதும் கஞ்சியில உப்பு இல்லன்னு சத்தம் போடுதாரு!"

ஊசி கேட்ட கங்காணி

அடுத்து, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கருப்பையா கங்காணி. நாலு தடவை வெளியே போனாராம். காய்ச்சல் இல்லை, ரத்தம் போகவில்லை, தண்ணீர் குடித்தால் தங்குகிறது. ஆனாலும் ஊசி போடாமல் நகர மாட்டேன் என்று பெஞ்சில் சட்டமாக உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்க, ஊசியெல்லாம் வேண்டாமுங்க. ஊட்டுக்குப் போயி உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி குடிங்க" என்றேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அதச் சொல்லுததுக்கா தாயி ஒங்களப் பட்டணத்துல படிக்க வச்சாக?"

நனைந்த துணி

அந்த வாரமே பேச்சியம்மாள் மறுபடி வந்தாள். இந்த முறை கம்பளிக்குள் அவளுடைய கைக்குழந்தை செல்வி. முந்தின நாளிலிருந்து வாந்தி, பேதி. ஒண்ணுக்குப் போகிறாளா என்று கேட்டேன். துணியெல்லாம் நனைந்துதான் இருக்கிறது என்றாள். உடம்பில் நீர் வற்றவில்லை, அப்பாடா என்றிருந்தது. ஆனால் குழந்தை அழுதாள், கண்ணில் சொட்டு நீர் இல்லை. கண்களும் குழி விழுந்திருந்தன. துணியைத் தொட்டுப் பார்த்தேன். நனைந்திருந்தது, ஆனால் சில்லென்று இருந்தது. அந்த மழையில், அந்த மூடுபனியில் லயத்தில் எந்தத் துணி காய்ந்தது? அரைகுறையாய்க் காய்ந்ததைத்தான் குழந்தைக்குச் சுற்றியிருந்தாள்.

ஸ்டவ் பக்கம் காய்ந்த துண்டு ஒன்றைச் சுற்றி, கரண்டி கரண்டியாகத் தண்ணீர் புகட்டினோம். தாய்ப்பாலும் கொடுக்கச் சொன்னேன். எதுவும் தங்கவில்லை, குடித்ததையெல்லாம் கக்கினாள். ரொம்ப நேரம் கழித்தும் துண்டு அப்பளமாய்க் காய்ந்தே கிடந்தது. குழந்தை துவண்டு தூங்கித் தூங்கி விழுந்தாள். நாளைக்கு டாக்டர் வருவாரே, பார்க்கலாமே என்று இழுத்தார் கூட வந்திருந்த செல்லத்துரை. "டாக்டர் வருவாருங்க, அதுவரைக்கும் புள்ள தாங்கோணுமுங்களே" என்று கத்தியேவிட்டேன்.

கொழுந்து ஏற்ற வந்த லாரியை மறித்தேன். டிரைவர் தங்கராசு மூட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொழுந்து வாடுனா வாடட்டும், ஏறுங்கம்மா!"

ஆஸ்பத்திரி பெஞ்சில்

மூணாறு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கிய பாட்டிலையே நானும் பேச்சியம்மாளும் வெறித்துக்கொண்டிருந்தோம். இருட்டுகிற நேரத்தில் குழந்தை கண் திறந்து, கரண்டித் தண்ணீரைச் சப்புக்கொட்டிக் குடித்தாள். பேச்சியம்மாள் முகம் கழுவப் போனபோது தங்கராசு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் துள்ளி எழப் பார்த்தார். காக்கி கால்சட்டை தொடை வரை நனைந்து, சூடாக வழிந்துகொண்டிருந்தது. பேச்சியம்மாள் ஓடி வந்து தொட்டுப் பார்த்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், சிரித்தேன். நெஞ்சில் ஏறியிருந்த பாறாங்கல் அப்போதுதான் இறங்கியது.

தங்கராசு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, நனைஞ்சது என் துணி, நீங்க எதுக்கு அழுவுதீக?"

பிள்ளை பிறந்ததற்கும் பரீட்சை பாஸானதற்கும் மிட்டாய் கொடுத்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு, ஒரு குழந்தை ஒண்ணுக்குப் போனதற்காக வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.