முழங்கை அத்தை

அண்ணன் வீட்டில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு: முழங்கை. அண்ணன் மகள் பேசப் பழகிய நாளிலிருந்து முழங்கை அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள். குழந்தைக்கு என்ன தெரியும், பெரியவர்கள் சொல்வதைத்தான் அதுவும் சொல்லும். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அத்தை சிரிப்பாள். சிரித்துவிட்டு, நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொள்வாள். இருபத்தாறு வருஷமாக விழுங்கியது வயிற்றில் ஒரு மூட்டையாகக் கிடந்தது.

பெயர் வந்த கதை சின்னது. அண்ணன் கல்யாணத்தன்று அவளுக்கு இருபது வயது. படம் எடுக்க வந்த ஸ்டுடியோக்காரர் வாய் சும்மா இருக்காத மனிதர். மணப்பெண்ணின் காதுபடவே, "மாப்பிள்ளையோட தங்கச்சிக்கு என்னமா கேமரா முகம்! எப்படி நிறுத்தினாலும் அழகா விழுது" என்று சொல்லித் தொலைத்தார். சொன்னவர் அடுத்த நிமிஷமே மறந்திருப்பார். கேட்டவள் மறக்கவில்லை. மூன்றாம் வாரம் ஸ்டுடியோவிலிருந்து ஒரு கட்டு மாதிரிப் படங்கள் வந்தன. எவையெவை ஆல்பத்துக்குப் போக வேண்டும் என்று டிக் அடிக்கும் வேலையைப் புது அண்ணி தானாகவே வாங்கிக்கொண்டாள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கையில் சிவப்புப் பேனாவோடு, இரண்டு நாள்.

ஆல்பம் வந்தது. நூற்று அறுபது படங்கள். கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். யார் யாரோ இருந்தார்கள். எதிர்வீட்டு நாய்கூட ஒரு படத்தில் வாலாட்டிக்கொண்டு நின்றது. அவள் மட்டும் இல்லை. குடும்பப் படத்தில், வலது ஓரத்தை வெட்டிய இடத்தில், பச்சை ஜாக்கெட் கைக்குக் கீழே ஒரு முழங்கை தெரிந்தது.

"நான் எங்க அண்ணி?"

"அதான் உன் முழங்கை விழுந்திருக்கே!"

கூடமே சிரித்தது. அண்ணனும்தான். அண்ணன் சிரித்ததுதான் அவளுக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

அதன்பிறகு அவளுக்கும் கல்யாணமாகி, கடல் தாண்டி வந்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பதிவு கவுன்டரில் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவது அவள் வேலை. அந்த வேலை அவளுக்கு ஒரு பாடத்தைக் கற்றுத் தந்திருந்தது. இந்த ஊரில் மனிதர் வாயால் சொல்வதைவிட, கட்டத்துக்குள் எழுதியிருப்பதற்குத்தான் மதிப்பு. இன்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதிவிட்டால் போதும், எந்த டாக்டரும் மறுபேச்சுப் பேச மாட்டார்.

அண்ணன் மகள் மேற்படிப்புக்கு இதே ஊருக்கு வந்தாள். கூடப் படித்த பையனையே பிடித்துப்போனது. பையன் வீட்டாருக்கும் இதே ஊர்தான். கல்யாணத்தை இங்கேயே வைத்துக்கொள்வது என்று முடிவானது. மறுவாரம் அண்ணி தொலைபேசியில் வந்தாள்.

"இங்கேருந்து போட்டோக்காரனக் கூட்டிட்டு வர முடியாதாம். நீதான் நல்ல ஆளாப் பாத்துப் பிடிக்கணும். ஒரே பொண்ணு, நாளைக்குப் பேரன் பேத்தி பாக்கணும்ல."

"பாத்துடலாம் அண்ணி."

"உனக்குத்தான் படத்துல விழுற ஆசையே கிடையாதே! நிதானமாப் பாத்துச் செய்வ." சொல்லிவிட்டு அண்ணி கலகலவென்று சிரித்தாள்.

அத்தையும் சிரித்தாள். போனை வைத்த பிறகுதான் கவனித்தாள், கையிலிருந்த பேனா மூடியைப் பல்லால் கடித்து நசுக்கியிருந்தாள்.

மூன்று பேரைப் பார்த்தாள். முதல் ஆளின் படங்களில் செருப்பும் பூங்கொத்தும் மோதிரமும்தான் இருந்தன. கல்யாணம் யாருக்கு என்றே தெரியவில்லை. இரண்டாமவர் எல்லோரையும் அந்தரத்தில் குதிக்கச் சொல்கிறவர். அண்ணனின் மூட்டுவலி நினைவுக்கு வந்தது, நன்றி சொல்லி அனுப்பினாள். மூன்றாவதாக வந்தது தமிழ் தெரியாத ஓர் உள்ளூர்ப் பெண். நெடுநெடுவென்ற உயரம், பூனை நடை, மெல்லிய குரல். தன் தொழிலுக்கு இரண்டு விதிகள் என்றாள். மண்டப வாசலிலேயே விருந்தாளிகள் தங்கள் போன்களை ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும். இரண்டாவது, படத்தில் வர விரும்பாத யாரையும், அவர் யாராக இருந்தாலும், தான் எடுப்பதில்லை. தவறி விழுந்துவிட்டாலும் வெளியே கொடுப்பதில்லை.

"இவங்களையே வச்சுக்கலாம்," என்றாள் அத்தை.

"மத்தவங்களவிட இவங்க என்ன உசத்தி?" என்றார் அவள் வீட்டுக்காரர்.

"சொன்ன சொல்ல மீற மாட்டாங்க."

புகைப்படக்காரி நான்கு பக்கப் படிவம் ஒன்றை அனுப்பினாள். யார் யாருக்கு என்ன உறவு, யாரோடு யாரை நிறுத்த வேண்டும், யாருக்கு நடக்க முடியாது. பதினேழாவது கேள்வி: படமெடுப்பதை விரும்பாதவர் எவரேனும் உண்டா?

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். மாட்டிக்கொண்டால்? அண்ணன் மகள் முகத்தில் எப்படி முழிப்பது? எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்தாள். பிறகு, கவுன்டரில் எழுதுகிற அதே தெளிவான கையெழுத்தில் எழுதினாள்: 'மணமகளின் தாய். கேமரா என்றால் நடுக்கம். இதைப் பற்றி அவரிடம் பேசினாலே சங்கடப்படுவார், கேட்க வேண்டாம். கேமரா முன்னால் வந்து சிரித்துக்கொண்டு நிற்பார். அது பயத்தில் வரும் சிரிப்பு. ஏமாந்துவிட வேண்டாம்.' அடையாளத்துக்கு அண்ணியின் படம் ஒன்றையும் இணைத்தாள்.

எட்டிப் படித்த வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இன்னுமாடி அந்த முழங்கை?"

"உங்களுக்கு என்ன தெரியும்? உங்க மூஞ்சி எல்லா ஆல்பத்துலயும் இருக்கு."

கல்யாண நாள் வந்தது. அண்ணி மூன்று மாதம் தேடி எடுத்த கத்தரிப்பூ நிறப் புடவையில் வந்து இறங்கினாள். போனைக் கூடையில் போடச் சொன்னதற்கு முணுமுணுத்தாலும், "போட்டோவுக்குத்தான் ஆள் இருக்கே" என்று போட்டுவிட்டாள். அன்று முழுக்க நடந்ததைத் திரை போட்டுக் காட்டியிருந்தால் காசு கொடுத்துப் பார்க்கலாம். அண்ணி கொண்டையைச் சரிசெய்துகொண்டு மகளின் இடப்பக்கம் வருவாள். புகைப்படக்காரி அன்பாகத் தலையசைத்துவிட்டு வலப்பக்கம் நகர்வாள். அண்ணி வலப்பக்கம் போவாள், கேமரா தாழும். அண்ணி பல் தெரியச் சிரிப்பாள். புகைப்படக்காரி, 'உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது' என்பதுபோல நெஞ்சில் கைவைத்துக் காட்டுவாள்.

"ஏன்டி, இந்தம்மா நெஞ்சுல நெஞ்சுல கையை வைக்குது?" என்று அண்ணி கேட்டாள்.

"மரியாதை அண்ணி. உங்கள ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல."

"இருக்கும், இருக்கும்." அண்ணி மகிழ்ந்துபோனாள்.

குடும்பமாக நிற்கும் படங்களுக்கு வரிசை கட்டும் வேலை அத்தையுடையது. உறவு தெரிந்த ஆள் பக்கத்தில் நின்று ஆளைக் காட்ட வேண்டுமே. பெண்வீட்டார் முறை வந்தபோது, "அண்ணி, சம்பந்தியம்மா உங்கள மாடியில தேடறாங்க" என்றாள். அண்ணி படியேறி, தேடி, யாரும் தேடவில்லை என்று தெரிந்து மூச்சிரைக்க இறங்குவதற்குள் வரிசை கலைந்துவிட்டது.

"அதுக்குள்ளயா முடிஞ்சுது?"

"கவலைப்படாதீங்க அண்ணி, உங்களத்தான் காலையிலேருந்து எடுத்துத் தள்ளுதே."

எல்லாம் நினைத்தபடி நடந்தது, கடைசி பத்து நிமிஷம் வரை. மணமக்கள் புறப்படும் நேரம். வாசல் படியில் அண்ணன் மகள் சட்டென்று திரும்பி ஓடிவந்து, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அண்ணி அவளை இறுக்கிக்கொண்டாள். அப்போது அவள் கேமராவைத் தேடவில்லை. அன்று காலையிலிருந்து அந்த ஒரு தடவைதான் தேடவில்லை.

புகைப்படக்காரி கேமராவைப் பாதி தூக்கியபடி அத்தையைப் பார்த்தாள். எடுக்கவா, வேண்டாமா?

வேண்டாம் என்று அத்தை தலையசைத்தால் அண்ணன் மகளுக்கு இந்த நிமிஷம் இல்லாமல் போகும். தூக்கி வளர்க்காவிட்டாலும், இந்த இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் தன் வீட்டில் சாப்பிட்ட பெண். சரி என்று தலையசைத்தால் அண்ணியின் முகம், அதுவும் அழுகையில் கனிந்து, ஆல்பத்திலேயே மிக நல்ல முகமாக விழுந்துவிடும். இருபத்தாறு வருஷம் ஒரே நொடியில் தண்ணீராகிவிடும்.

தலையை ஆட்டவில்லை. விரலை மட்டும் உயர்த்தி, காற்றில் அரைவட்டம் போட்டாள். பின்னாலிருந்து.

புகைப்படக்காரி பூனைபோலச் சுற்றிப் போனாள். ஒரே ஒரு தடவை கிளிக் என்றது.

ஆறு வாரம் கழித்துப் படங்கள் வந்தன. ஆயிரத்துச் சொச்சம். அந்தப் படம்தான் எல்லாவற்றிலும் உச்சம். அம்மாவின் தோளுக்கு மேலே மகளின் முகம், கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக. அம்மாவுக்கு ஒரு முதுகு, ஒரு கொண்டை. மகளை வளைத்திருந்த கத்தரிப்பூ நிற ஜாக்கெட் கைக்குக் கீழே, வெளிச்சத்தில் பளிச்சென்று ஒரு முழங்கை.

"அம்மா முகம் எதுலயும் சரியாவே விழல அத்தை. ஆனா இது ஒண்ணு போதும் எனக்கு," என்றாள் அண்ணன் மகள். அத்தை அவளைத் தட்டிக்கொடுத்தாள். அன்று சாயங்காலமே அந்தப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, தேக்குச் சட்டம் போட்டு, தன் கல்யாணப் பரிசாக அண்ணன் வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தாள். கூடத்துச் சுவரின் அளவு அவளுக்கு மனப்பாடம்.

ஒன்றை மட்டும் அவள் கணக்கில் எடுக்கவில்லை. புகைப்படக்காரி மரியாதை தெரிந்தவள். பெண்ணின் பெற்றோருக்குத் தனியாக ஒரு நன்றிக் கடிதமும் அனுப்பியிருந்தாள். அண்ணன் வீடியோ அழைப்பில் வந்து, முதலில் சுவரில் மாட்டிய படத்தைக் காட்டினான். "என்னமா இருக்கு பாரு! வர்றவன் போறவன் எல்லாம் நின்னு பாக்கறான். ஆனா அந்தம்மா ஒரு லெட்டர் எழுதியிருக்கு, அதான் புரியல. 'கூச்சத்தையும் பயத்தையும் பொறுத்துக்கொண்ட மணமகளின் தாயாருக்கு நன்றி'ன்னு போட்டிருக்கு. யாருக்குக் கூச்சம், உங்க அண்ணிக்கா?" அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அதற்குள் அண்ணனின் போன் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது. சுவர்கள் ஓடின, ஒரு கதவு படாரென்று மூடியது. திரை முழுக்க அண்ணியின் முகம்.

"நீதான?"

அத்தை போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"நீதான் சொல்லிவச்சது. என் ஒரே பொண்ணு கல்யாணம். ஆயிரம் படம் எடுத்திருக்கு. அதுல நான் எங்கடி?"

இல்லை என்று சொல்லிவிடலாம், அந்த அம்மா தப்பாகப் புரிந்துகொண்டது என்று சாதித்துவிடலாம். அதற்கான வார்த்தைகள்கூட வாய்க்குள் வரிசை கட்டி நின்றன. ஆனால் அவற்றுக்கு முன்னால், இருபத்தாறு வருஷமாகக் காத்திருந்த ஒன்று முந்திக்கொண்டது. குரல்கூட உயரவில்லை.

"அதான் உங்க முழங்கை விழுந்திருக்கே, அண்ணி!"

அண்ணியின் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது. கதவுக்கு அப்பால் அண்ணன் யாரிடமோ, "கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, அப்பத்தான் எடுப்பா இருக்கும்" என்று படத்தைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருப்பது கேட்டது. அண்ணி வெளியே போய் இதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிவப்புப் பேனாவிலிருந்து தொடங்க வேண்டும். அது அண்ணிக்கும் தெரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. கண் விரிந்து, கன்னம் தொய்ந்து, ஈயாடாமல் உறைந்திருந்தது அந்த முகம்.

அத்தையின் கட்டைவிரல் போனின் ஓரத்துப் பொத்தானைத் தேடிப்போய் அழுத்தியது. கிளிக்.

அந்தக் கல்யாணத்தை ஒட்டி அண்ணியின் முகம் தெளிவாக விழுந்த படம் உலகத்தில் அது ஒன்றுதான். அத்தை அதை யாருக்கும் காட்டுவதில்லை. அழிக்கவும் இல்லை. கவுன்டரில் கூட்டம் இல்லாத மத்தியானங்களில் எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.