முகாம் வாசலில் ஒரு வெருளி

கத்தாரிலும் சவூதியிலும் வேலை பார்த்து, எங்கும் நிலைக்காமல், கடைசியாக ஆபிரிக்காவில் மணல் நாடொன்றுக்குப் போனேன். நீலத் தொப்பி அமைதிப்படையின் முகாமில் மின்சார வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு நல்ல சம்பளம். முள்வேலியைச் சுற்றி நின்ற விளக்குகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பகல் வெயிலில் சார்ஜ் ஏறி இரவில் எரிபவை அவை.

வேலிக்கு வெளியே, ஊர் எரிக்கப்பட்டு ஓடி வந்தவர்கள் குடிசை போட்டிருந்தார்கள். வெளிச்சம் விழும் இடத்துக்குத்தான் போட்டி. தங்கள் இனத்தையே இல்லாமலாக்கப் பார்க்கிறார்கள் என்று அவர்கள் வந்து வந்து சொன்னார்கள். படையினர் எழுதி மேலே அனுப்பினார்கள். வாசலில் தேநீர் விற்ற பெண் என்னைத் தம்பி என்பாள். என் வளைகுடா அரபியைக் கேட்டு வாய்விட்டுச் சிரிப்பாள். அவள் சொன்னதை எங்கள் ஊர்ப் பேச்சில்தான் என்னால் எழுத முடியும்.

படையைத் திருப்பி அழைக்கும் உத்தரவு வந்தது. சின்ன வயதில் எங்கள் ஊரிலிருந்தும் ஒரு படை கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனதைப் பார்த்தவன் நான். பெட்டி அடுக்கும் சத்தம் எங்கும் ஒன்றுதான். விளக்குகளைக் கழற்ற ஏணியோடு வாசலுக்குப் போனேன்.

"தம்பி, இந்த ஒண்ட மட்டும் விட்டுட்டுப் போக ஏலாதா? வெளிச்சம் கிடந்தா உள்ளுக்கு ஆள் இரிக்கி எண்டு நினைப்பானுகள்."

அதிகாரியிடம் கேட்டேன். நல்ல மனிதர், தூக்கமில்லாத முகம். எல்லாம் திருப்பி ஒப்படைக்க வேண்டிய சாமான், இனி இவர்களின் பாதுகாப்பு இந்த நாட்டு அரசின் பொறுப்பு என்றார். ஊர்களை எரித்தது யாருடைய ஆட்கள் என்று அவருக்கும் தெரியும். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

திரும்பி வந்து ஏணியைச் சாய்த்தேன். மணலில் வழுக்கியது. அவளே வந்து பிடித்துக்கொண்டாள். நான் விளக்கைக் கழற்றி இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.

மணல் மூட்டை அடுக்கிய காவல் கூடு மட்டும் யாருக்கும் தேவைப்படாமல் நின்றது. பழைய பச்சைச் சட்டையொன்றில் சோளத் தட்டையைத் திணித்து, அவள் கோப்பை கழுவும் நீல பேசினைத் தலையில் கவிழ்த்து, அதற்குள் நிறுத்தினேன். என்னோடு வேலை செய்த, எங்கள் பக்கத்து ஒலுவில் ஊர்க்காரன் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம்.

"என்ன காக்கா, வயலுக்கு வெருளி கட்டுறீங்களா?"

"ஓம், குருவிக்கு."

"இவ்வளவு நாளும் நிண்டவனுகளும் இதைத்தானே செய்தானுகள். இதுக்கெண்டா சாப்பாடு மிச்சம்."

எங்கள் ஊரில் நெல் வயலில் குருவியை விரட்ட இப்படி நிறுத்துவோம் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் பொம்மையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவருக்கும் தேத்தண்ணி கடனுக்கு இல்ல, சொல்லிப் போடு."

இப்போது ஊருக்குத் திரும்பி, சாய்ந்தமருதில் வீடுகளுக்கு வயர் இழுக்கிறேன். அவள் வாட்சப்பில் குரல் அனுப்புவாள். துப்பாக்கிக்காரர்களின் பிக்கப் ஒன்று தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாம். இன்னொரு நாள் கொஞ்சம் கிட்ட வந்ததாம். பிறகு ஒருவன் இறங்கி, பேசினில் சுட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தானாம்.

"தம்பி, உங்கட ஊர்ல குருவிக்கு விளங்கிப் போட்டா மறுகா என்ன செய்ற?"

அது வந்தபோது நான் ஒரு வீட்டின் முகட்டில் இருந்தேன். வேலையை முடித்து இறங்கித்தான் பதில் சொன்னேன். ஒரே இடத்தில் விடக்கூடாது, இடத்தை மாற்ற வேண்டும், சட்டையையும் மாற்ற வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு முகாம் இருந்த நகரத்தின் பெயர் செய்தியில் வந்தது. உலக நாடுகள் ஆழ்ந்த கவலை தெரிவித்தன.

என் பதிலுக்குக் கீழே ஒற்றை டிக்தான் நிற்கிறது. ஏணியைத் தோளில் போடுமுன் ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். இன்றைக்கும் ஒன்றுதான்.