அமர்ந்தவரின் பக்கம்

2023 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி. கர்நாடகத்தின் திபெத்தியக் குடியிருப்பான பைலகுப்பே, மடாலயத்தின் வாத முற்றம். பொருள்: உலகைப் படைத்தவர் ஒருவர் உண்டா. நின்று கேட்பவர் ஜம்பா, வயது இருபத்து நான்கு. அமர்ந்து விடை சொல்பவர் நாவாங் தொக்மே, வயது நாற்பத்து மூன்று. அவர் ஏற்றுள்ள பக்கம்: உண்டு.

எங்கள் பௌத்த மடத்தில் அந்தப் பக்கம் தோற்பதற்கென்றே இருக்கிறது. இளந்துறவிகளை முறைவைத்து அதில் அமர்த்துவார்கள். ஐந்து வாரமாகத் தொக்மே தாமே கேட்டு அமர்கிறார்.

முழங்கால் வலிக்காக விரிப்பை இரண்டாக மடித்துக்கொள்வார். அங்கியின் மடிப்பிலிருந்து வறுத்த மக்காச்சோளத்தை ஒவ்வொன்றாக எடுத்து மெல்வார். கேள்வி கடினமானால் மெல்லுவது நிற்கும். கேள்வி முடியும்போதெல்லாம் கைதட்டித் தட்டி அவரது இடது உள்ளங்கை காய்த்துப்போயிருக்கிறது. அது அவர் நின்று கேட்ட காலத்துச் சொத்து. படைத்தவரை மறுப்பதில் அவருக்கு இணை இல்லை. "கோடாலி தானா வெட்டுமா, வெட்டறவன் ஒருத்தன் வேணாமான்னு கேப்பாங்க. சரிப்பா, வேணும். அந்த வெட்டறவனைச் செஞ்சது எந்தக் கோடாலி?" என்பார். தேநீர் சிந்தச் சிரிப்பார்கள்.

ஜூன் தொடக்கத்தில் அவருடைய அக்கா யாங்கிக்கு மைசூரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. படிவங்களை நிரப்ப நானும் உடன் போயிருந்தேன். பக்கத்து இருக்கையில், சேலைக்கட்டில் குடகுப் பக்கம் என்று தெரிந்த பெண்மணி ஒருவர். அவர் கணவர் உள்ளே இருந்தார். எங்கள் செவ்வாடையைப் பார்த்து அந்தப் பெண்மணி கைகூப்பினார்.

"சாமி, எங்க வீட்டுக்காரருக்காக மேல இருக்கறவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அவரு மாறாதவரா, மாறக்கூடியவரா?" என்று தொக்மே தம் சந்தைக் கன்னடத்தில் கேட்டார்.

"என்ன கேக்கறீங்க சாமி?"

"மாறாதவருன்னா உங்க வேண்டுதல் அவரை அசைக்காது. மாறுவாருன்னா அவரும் நம்மளை மாதிரிதான். எப்படிக் காப்பாத்துவாரு?"

சொல்லி முடித்ததும் பழக்கத்தில் வலக்கை உயர்ந்து இடக்கையில் இறங்கியது. அந்தச் சத்தத்துக்குச் செவிலியர் திரும்பிப் பார்த்தார். பெண்மணி அறுவை அறையின் கதவைச் சுட்டினார்.

"அப்போ உள்ள அவரோட யாருமே இல்லையா சாமி?"

முற்றத்தில் விடைகள் நான்குதான்: "ஒத்துக்கறேன்", "ஏன்?", "காரணம் நிக்காது", "அதனால இது ஆகாது". தொக்மே நான்கில் எதையும் சொல்லவில்லை. அதற்குள் எங்களை அழைத்தார்கள். யாங்கி கண் விழித்துவிட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது அந்த இருக்கை காலியாக இருந்தது. அவருடைய ஊரோ பெயரோ எங்களுக்குத் தெரியாது.

அந்த வாரமே தொக்மே தோற்கும் பக்கத்தைக் கேட்டு அமர்ந்தார். மடத்தின் ஒழுங்கு மேற்பார்வையாளர் அவரை அழைத்துக் கண்டித்தார். "இறுதித் தேர்வுக்கு ஒரு வருஷம்கூட இல்ல. தெனம் தோக்கற எடத்துல போய் உக்காந்தா உன்னை யாரு பரிந்துரைப்பாங்க? பட்டம் வேணுமா, வேணாமா?"

"வேணும் லா," என்று மரியாதைச் சொல் சேர்த்தே சொன்னார் தொக்மே. மறுநாளும் அங்கேயே அமர்ந்தார்.

காரணம் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இருக்காருன்னு நான் நம்பல. ஆனா அந்தம்மா பக்கம் சரியாப் பேச ஒருத்தன்கூட இல்ல. நான் ஜெயிச்சேன். ஆஸ்பத்திரியில போய் ஜெயிச்சேன்."

இன்று மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கூரைக்கடியில் நெருங்கி நின்றார்கள்.

"படைச்சவரு மாறாதவருதானே லா?" என்றார் ஜம்பா.

"ஒத்துக்கறேன்."

"நேத்து மழை இல்ல. இன்னைக்குப் பெய்யுது. நேத்து பெய்ய வைக்காதவரும் இன்னைக்குப் பெய்ய வெச்சவரும் ஒரே ஆளா?"

"ஒத்துக்கறேன்."

"அப்போ மாறிட்டாரே லா. உங்க கத்திதான் இது. கூரா இருக்கா?"

சிரிப்பு எழுந்தது. தொக்மே மெல்லவில்லை. விடை சொல்லாமல் இருப்பவரை நோக்கி, நிற்பவர் வலது புறங்கையை இடது உள்ளங்கையில் அறைந்து "ட்சா" என்று கூவுவது வழக்கம். வெட்கம் என்று பொருள். ஜம்பா இடைவெளி விட்டு மூன்று முறை அறைந்தார். பிறகு குனிந்து தணிந்த குரலில் சொன்னார்.

"படைச்சவரு இல்லன்னு ஒத்துக்கங்க லா. துக்பா ஆறிடும்."

தொக்மே கையிலிருந்த மக்காச்சோளத்தை அங்கியின் மடிப்பில் திரும்பப் போட்டார்.

"ஒத்துக்கறேன்," என்றார்.

கூட்டம் துக்பா சூப்புக்காகக் கலைந்தது. அவர் எழவில்லை. வலக்கையைத் திருப்பி, புறங்கையைத் தம் காய்த்த உள்ளங்கையின்மேல் ஓசையின்றி ஒருமுறை அடித்துக்கொண்டார்.

ஜம்பா அடித்தவை மூன்று. அந்தம்மாவுக்காக அவரே அடித்துக்கொண்டது ஒன்று. மொத்தம் நான்கு.