பனியில் குதித்தவன் தரைக்கு வந்த கதை

டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டுகிறவனுக்குப் படம் பார்க்கக் கொடுத்துவைக்காது. மிஷினைப் பார்த்துக்கொண்டே, ஜனங்கள் போடும் சத்தத்தை வைத்துக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். மிஷின் விளக்கில் எரியும் கார்பன் புகையை முழுங்கின ஆபரேட்டர் அண்ணன்மார்களே, நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? அறுபதுகளில் எங்கள் கொட்டகை செஞ்சியில் இருந்தபோது நடந்தவை இவை.

நாலு மலை

படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் போட்டே ஆக வேண்டும், சர்க்கார் உத்தரவு. ஊரெல்லாம் சுற்றிப் பழசாகித்தான் எங்களுக்கு வந்து சேரும். அந்தச் சித்திரையில் வந்தது ஐரோப்பாவில் நடந்த ஒரு போட்டி. காலில் நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு, பனிச் சரிவில் சறுக்கி வந்து, அப்படியே ஆகாயத்தில் பாய்கிறார்கள். ஒரு மலையில் பாய்ந்தால் போதாது. நாலு மலையிலும் பாய்ந்து, மொத்தத்தில் யார் கை ஓங்குகிறதோ அவனுக்குத்தான் கோப்பை. இறங்குகிற அழகுக்கும் மார்க் உண்டாம்.

வெளியே பாறையெல்லாம் அனல் கக்குகிறது, திரையில் பனி கொட்டுகிறது. தொண்டூரிலிருந்து வேர்க்கடலை விற்க வரும் மல்லாட்டைக்காரர் கோதண்டம் பெஞ்சில் ஏறி நின்று அறிவித்தார்: "மூணு மலை நம்ம ஊர்லயே இருக்குது. பனமலையயும் சேத்துக்கினா நாலு. ஐஸ மட்டும் அவனுங்க கொணாரட்டும்."

சோடாக்காரர் வழக்கு

எங்கள் கொட்டகையில் சோடா விற்ற முருகேசனுக்கு அந்த ரீலைக் கண்டாலே ஆகாது. வேர்த்து விறுவிறுத்து வந்த கூட்டம் பனியைப் பார்த்ததும் வாயைப் பிளந்து உட்கார்ந்துவிடுகிறது, பாட்டிலைத் தட்டினாலும் ஒருத்தரும் திரும்புவதில்லை. என் கேபின் வாசலிலேயே வந்து சண்டைக்கு நின்றார். "ஐஸ் படத்த மொதல்ல ஓட்டினா என் சோடாவ நான் யார் தலையில கட்றது? கடைசில போடேன்யா!"

கடைசிப் பையன்

பெண்கள் பக்கம் ஒரு அம்மா தினமும் வந்தார். நியூஸ் ரீல் முடிந்து படம் தொடங்கியதும் எழுந்து போய்விடுவார். இப்படியும் ஒரு பைத்தியமா என்று நினைத்தேன். டிக்கெட் கிழிக்கிற ராணிதான் விவரம் சொன்னாள். மேரியம்மா, மகன் அந்தோணி பட்டாளத்தில், வடக்கே பனிமலைக் காவலில் இருக்கிறான். பொங்கலுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. பனி என்றால் என்னவென்று பார்க்கத்தான் வருகிறாராம். கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஒருநாள் கேபினுக்கே வந்தார். கடைசியாகப் பாய்கிற பையன் தரைக்கே வரவில்லையே, ஏன் என்றார். ரீல் அவலூர்பேட்டை கொட்டகையில் அறுந்ததம்மா, வெட்டி ஒட்டிவிட்டார்கள், அவன் நல்லபடியாக இறங்கியிருப்பான் என்றேன். என்னையே பார்த்தார். "நீ பாத்தியா தம்பி?"

அவலூர்பேட்டைக்குப் பஸ்

வெள்ளிக்கிழமை ரீல் பெட்டி திரும்பிப் போய்விடும். வியாழன் காலை முதல் பஸ்ஸில் அவலூர்பேட்டைக்குப் போனேன். அங்கே ஆபரேட்டர் தனகோட்டி. வெட்டின துண்டு கேபின் ஆணியில் தொங்கியது, நல்லவேளை. எவனும் பார்க்காத நியூஸ் ரீலுக்கா இந்த வெயிலில் வந்தாய் என்று சிரித்தான். எனக்குக் கோபம் வந்து, மேரியம்மா கதையைக் கொட்டித் தீர்த்தேன். அவன் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சிரிப்பு நின்றுபோனது. "இன்னாபா இது, பையன் விழறானே."

வியாழன் ஆட்டம்

விழத்தான் விழுந்தான். பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஆனால் துண்டின் கடைசியில் எழுந்து நிற்கிறான். எழுந்ததை மட்டும் ஒட்டலாமா என்று சாயங்காலம் வரை மண்டையை உடைத்துக்கொண்டேன். பெற்றவளை ஏமாற்ற மனசு வரவில்லை. பிளேடால் சுரண்டி, பசை தடவி, முழுசாக ஒட்டினேன். ஒட்டு விட்டுப்போனால் எல்லாம் போச்சு.

ஓட்டினேன். பையன் பாய்ந்தான், விழுந்தான், உருண்டான். முருகேசன்கூட பாட்டிலைத் தட்டவில்லை. அப்புறம் பையன் எழுந்து, மேலிருந்த பனியைத் தட்டிவிட்டு, கையைத் தூக்கிக் காட்டினான். நியூஸ் ரீலுக்கு ஜனங்கள் கைதட்டி நான் கேட்டது அன்றுதான். மேரியம்மா கேபின் ஜன்னலுக்கு வந்தார், கண்ணெல்லாம் ஈரம். "பனி மெத்துனுதான் இருக்குது தம்பி. விழுந்தாலும் அடிபடல பாரு."

கிறிஸ்துமஸ் லீவு

டிசம்பரில் அந்தோணி வந்தான். அம்மாவும் மகனுமாக முதல் ஆட்டத்துக்கு வந்து, அன்றைக்கு மேரியம்மா படத்தையும் முழுசாகப் பார்த்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இடைவேளையில் அவனைக் கேபினுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தேன். டம்ளர் பிடித்த கையில் இரண்டு விரல் நுனி இல்லை. பனி கடித்ததாம். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "பனி மெத்துனு இருக்கும்னு அம்மா சொல்லுதுண்ணே. நானும் ஆமாம்னுட்டேன்."

அதற்கப்புறம், எவன் எங்கே குதித்தாலும் அவன் எழுந்து நிற்கிற வரைக்கும் நான் ஃபிலிமில் கத்தரி வைத்ததில்லை என்பதால், எங்கள் கொட்டகையில் எல்லாப் படமும் கொஞ்சம் நீளம்தான்.