கஷாயத்தைக் குடித்தவள்

ஜப்பான்காரன் காலத்தில் சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருந்தேன். சயாமில் ரயில் பாதை போட என் வீட்டுக்காரரைப் பிடித்துப்போய்விட்டார்கள். லாரியில் ஏற்றிய மறுமாதம்தான் நான் முழுகாமல் இருப்பது தெரிந்தது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு, அதுவும் பற்றாது. இன்னொரு உயிரை எதைக் கொடுத்து வளர்ப்பேன்? அழக்கூடத் தெம்பில்லை.

கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பிரசவம் பார்ப்பவள் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா. "இருக்கிற ரெண்டையாச்சும் காப்பாத்து புள்ள. இத கலைச்சிடலாம். நான் கஷாயம் வச்சித் தாரேன்" என்றாள். சரி என்றேன்.

மறுநாள் காலை தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். பூசாரியும் சயாமில். விளக்கில்லை, கற்பூரமில்லை. "தாயே, வேணாம்னா நீயே தடுத்திரு. நீ சும்மா இருந்தா நான் குடிச்சிருவேன்" என்று வாய்விட்டே சொன்னேன்.

உச்சி வெயில். மழை விட்ட ஈரம் இன்னும் காயவில்லை. பால் வெட்டாத மரங்களுக்குள் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. ஆளில்லாத வீடுகளின் கதவுகள் காற்றே இல்லாமல் ஆடின. அஞ்சலை அக்கா வச்சித் தந்த கஷாயத்தை மங்குக் கிண்ணத்தில் ஊற்றி ஆறவைத்துவிட்டு நிமிர்ந்தேன். வாசலில் ஒருத்தி நின்றாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவளை நான் பார்த்ததே இல்லை.

"தாகமா இருக்கு" என்று உள்ளே வந்து கிண்ணத்தை எடுத்தாள்.

"ஐயோ அக்கா, அது தண்ணி இல்ல!"

"தெரியும்."

ஒரே மூச்சில் குடித்தாள். என்னையே பார்த்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். பிறகு மரங்களுக்குள் நடந்துபோனாள்.

செத்துப்போவாளே என்று பின்னால் ஓடினேன். யாருமில்லை. திரும்பிப் பார்த்தேன். ஈரமண்ணில் என் காலடி மட்டுமே இருந்தது.

நடந்ததைச் சொன்னதும் அஞ்சலை அக்கா வந்து மண்ணைப் பார்த்தாள். "இனி வச்சித் தர மாட்டேன். பெத்துக்க லா, பாத்துக்குவோம்" என்றாள். அன்றிலிருந்து தன் கிழங்கில் பாதியை எனக்குத் தந்தாள்.

தை மாதம் அவள் கையிலேயே பெண் பிறந்தது. சயாமுக்குப் போனவர்களில் எங்கள் லயத்துக்குத் திரும்பியவர் ஒருவர்தான். அவர் என் வீட்டுக்காரர் இல்லை. அவர் திரும்பிய அன்று தரையில் கிடந்த என்னை எழுப்பி உட்காரவைத்தது, அப்பன் முகத்தை அப்படியே உரித்து வைத்திருந்த அந்தக் குழந்தைதான்.

இப்போது சிலிபினில் அந்த மகள் வீட்டில்தான் இருக்கிறேன். மூன்று பிள்ளைகளும் நல்லபடியாக இருக்கிறார்கள். அன்று கஷாயத்தைக் குடித்தவள் பசியில் வந்த யாரோ ஒருத்தி என்பவர்களும் உண்டு. இருக்கட்டும். எனக்கு அவள் அம்மன்தான். அதன்பிறகு எதையும் அவளிடம் கேட்காமல் நான் செய்ததில்லை.

தங்கச்சிமாரே, உங்களுக்கு அவள் என்ன சொல்வாளோ, எனக்குத் தெரியாது. எனக்குச் சொன்னது எனக்கு. ஆனால் வழி தெரியாமல் நிற்கும்போது அவளிடம் கேளுங்கள். அவள் வரும்போது பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் கேளுங்கள்.