பதினாறாவது நிறமூர்த்தம்

மூன்றாவது கருவும் பதினோராவது வாரத்தில் கலைந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். வீடு நிந்தவூரில். கணவர் நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்கிறார். முதல் இரண்டும் போனபோது, இப்படி நடப்பதுதான் என்று டாக்டர் தேற்றினார். மூன்றாவது முறை, வந்ததைப் போத்தலில் இட்டுக் கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று கேட்டார்கள். நான்தான் கையெழுத்து வைத்தேன். காரணம் தெரியாமல் இன்னொரு முறை என்னால் வீட்டுக்குப் போக முடியாது போலிருந்தது.

சில கிழமைகளில் முடிவு வந்தது. கணவர்தான் உறையைப் பிரித்தார். ஒரே ஒரு தாள். உறைக்குள் விரலை விட்டும் பார்த்தார்.

"பேப்பர் மட்டுந்தானா வந்திரிக்கி?"

"ஓம்."

"மத்தது?"

எனக்கு உடனே விளங்கவில்லை. நாலு மாதம் நிறையாத பிள்ளைக்குத் தொழுகை இல்லை. துணியில் சுற்றி மண்ணுக்குள் வைப்போம். முதல் இரண்டையும் அவரே கொண்டுபோய் மையவாடி ஓரத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார். இதையும் அப்படித் தருவார்கள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அது திரும்பி வராது," என்றேன்.

அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

பதினாறாவது நிறமூர்த்தத்தில், அதாவது குரோமோசோமில், ஒன்று கூடுதல் என்று அந்தத் தாள் சொன்னது. எனக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. வருடாவருடம் நான் கரும்பலகையில் வரைகிற பாடம் அது.

உயிர்க்கலத்துக்குள் இருக்கும் குழியவன்கூடு என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் எலும்புக்கூடு மாதிரி அசையாத ஒன்றை நினைப்பார்கள். உண்மையில் அது ஒரு நிமிடமும் சும்மா இருப்பதில்லை. புரதத் துணிக்கைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நூலாக நீளும். நீண்டு போகிற நூல் திடீரெனச் சரிந்து உதிரும். உதிர்ந்த துணிக்கைகளே வேறொரு பக்கம் மறுபடி நூலாகும். கலம் பிரியும் நேரத்தில் இந்த நூல்கள் நிறமூர்த்தங்களைத் துழாவித் தேடுகின்றன. பட்டால் பிடிக்கும், படாவிட்டால் சரிந்து இன்னொரு திசையில் தேடும். எல்லாவற்றையும் சரியாகப் பிடித்த பிறகுதான் இரு பக்கமும் இழுக்கும்.

பெண்ணின் சூல்முட்டையில் இந்த வேலை, அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகிறது. எத்தனையோ வருடம் அப்படியே நிற்கும். மறுபடி தொடங்கும்போது நிறமூர்த்தங்களைச் சேர்த்து வைத்திருந்த பிடி தளர்ந்திருக்கலாம், நூல்களும் தளம்பலாம். ஒன்று போகக் கூடாத பக்கம் போனால் பிள்ளை பெரும்பாலும் தங்காது.

லீவு முடிந்து போன அதே கிழமையில் இந்த அலகுதான் வந்தது. வேறொரு டீச்சரிடம் மாற்றிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கலம் பிரிவதைக் காட்டும் காணொளியைப் போட்டேன். பச்சை நிறத்தில் நூல்கள் ஒளிர்ந்து நீண்டு சரிந்தன. முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"டீச்சர், எல்லாத்தையும் பிடிச்சாச்சா எண்டு கலம் பாக்காதா?"

"பாக்கும். பாத்துட்டுத்தான் இழுக்கும்."

"அப்ப எப்பிடி டீச்சர் பிழை வாற?"

"சூல்முட்டையில அந்தக் காவல் அவ்வளவு கண்டிப்பில்ல" என்று சொன்னேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே வரைந்திருந்த கோட்டின் மேலேயே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டு நின்றேன். சில பிள்ளைகளுக்கு விசயம் தெரிந்திருக்கும். மணியடித்ததும் கேள்வி கேட்டவள் தன் தண்ணீர்ப் போத்தலை என் மேசையில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்தால் உம்மா வாசலில் நின்றார்.

"மறுகாவும் பஸ்ஸுல போகத் தொடங்கிட்டாயா? குலுங்கிக் குலுங்கிப் போனா எப்பிடிகா புள்ள தங்கும்?"

களைப்பிலும் கோபத்திலும் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஸ்ஸால் அல்ல, நான் தூக்கிய எதனாலும் அல்ல, முட்டையிலேயே நடந்த பிழை, அந்த முட்டை நான் பிறக்கும் முன்பிருந்தே காத்திருந்தது என்றேன். உம்மா கவனமாகக் கேட்டார். பிறகு அவர் முகம் மாறியது.

"அப்ப நீ என்ட வயித்துல இரிக்கக்குள்ளேயே பிழைச்சிட்டாகா? நான் என்னத்தத் திண்டனோ தெரியா."

"இல்ல உம்மா, அப்பிடி இல்ல..."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதன் பிறகு கணவரோடு இதைக் கதைக்க எனக்குப் பயமாகிவிட்டது. அவரும் கதைக்கவில்லை. வயலிலிருந்து வந்தால் என் பக்கம் வராமல் நேராகக் கிணற்றடிக்குப் போவார். சட்டையைத் தானே துவைப்பார். அதை என்னைத் தொட விடமாட்டார். என்னை வெறுத்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போய் வந்தவரிடம் கேட்டே விட்டேன்.

"என்னோட கோவமா?"

"உன்னோட என்னத்துக்கு புள்ள கோவம்?" தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "வயலுக்கு மருந்து அடிச்ச உடுப்போடதானே நான் வாற. நீதானே அதக் கழுவின. மூணும் என்னாலதான் போன."

அப்போதுதான் தெரிந்தது, இந்தப் போகம் அவர் மருந்தே அடிக்கவில்லை என்று. வயலில் புல் நெல்லை மூடிவிட்டதாம். ஒருவருக்கும் சொல்லவில்லை.

அவரைப் பக்கத்தில் இருத்தி மடிக்கணினியில் அந்தக் காணொளியைக் காட்டினேன். இது பெரும்பாலும் பெண்ணின் முட்டையில் நடப்பது, வயது போகப்போகக் கூடுவது என்றேன். ஏன் நமக்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். ஒரு நூல் நீண்டு, ஒன்றிலும் படாமல் சரிந்து, மறுபடி நீண்டது. அவர் திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"எவ்வளவு நேரம் தேடுது இது," என்றார். கொஞ்சம் கழித்து, "பாவம்" என்றார்.

அது நூலுக்கா, பிள்ளைக்கா, எனக்கா என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் அழுதோம். முதல் பிள்ளை போனதிலிருந்து நாங்கள் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு எனக்குக் கருவே தரிக்கவில்லை. நாற்பது தாண்டியதும், "போதும் புள்ள, உன்ட உடம்பு தாங்காது" என்று அவரே முயற்சியை நிறுத்திவிட்டார். போன மாதம் மாவடிப்பள்ளியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனோம். சாப்பிடும்போது அறிமுகமில்லாத ஒருவர் அவரிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நான் வழக்கம்போல இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன்.

"மூணு," என்றார் அவர். "மூணு பேரும் முந்திப் போயிட்டாங்க."

கேட்டவர் சங்கடப்பட்டுத் தலையைக் குனிந்தார். இவர் அவருடைய தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.